பாடக் கேட்டு எழுதுதல்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். அவர் கருதியது அறிவு நூற்பொருள்களைக் கேட்டலேயாயினும், அவ்வைப்பு முறை இசை பயில்வார்க்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துவதாகும். ஏனைய கலைகளில் கேள்வி கல்விக்குத் துணை. இசையிலோ கேள்வியே கல்வி. செவி பழகாதவன் எத்துணை ஏடுகளைப் புரட்டினும் இசை கற்றவன் ஆகான்.

இவ்வுண்மையை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும் உயர்நிலைப் பள்ளிகளில் சங்கீதம் கற்பிக்கும் முறையை நோக்குமிடத்து, இவ்வுண்மை பெரும்பாலும் மறக்கப்பட்டிருக்கிறதென்றே சொல்லவேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் சுரங்களை எழுதுகிறார். மாணாக்கர் அவற்றைக் குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதுகின்றனர். பின்னர் அவற்றை நெட்டுருச் செய்து ஒப்பிக்கின்றனர். வர்ணம் ஒன்றன் சுரங்களை முதலிலிருந்து முடிவு வரை தடையின்றிச் சொல்லும் மாணவனை நிறுத்தி, அவ்வர்ணத்திலேயே உள்ள மூன்று சுரங்களை அகாரமாகப் பாடிக்காட்டி, 'இவை எவை?' என்று வினவினால், அவன் அண்டையில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். அவன் கற்றது சுரங்களின் பெயர்களையேயன்றிச் சுரங்களை அன்று.

தமிழ் வகுப்பில் சொல்வதெழுதுதல் என்றொரு பயிற்சி உண்டு. ஆசிரியர் வாக்கியத்தைச் சொல்ல, மாணவர் அதனைக் கேட்டுப் பிழையற எழுதவேண்டும். ஒருவன் செய்யுள் ஐம்பது மனப்பாடமாகச் சொன்னாலும், சொன்னதை எழுத இயலாதவனாயின் அவனை எழுத்தறிந்தவன் என்று நாம் ஒப்புவதில்லை. இசை வகுப்பில் மட்டும் இதற்கு நேரான பயிற்சியின்றி மாணவர் ஆண்டுதோறும் மேல் வகுப்பிற்கு ஏற்றப்படுகின்றனர். அப்பயிற்சி யாது, அதனை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு எவ்வாறு படிப்படியாகக் கற்பிக்கலாம் என்பதே ஈண்டு யாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

இதன் இன்றியமையாமை

எழுதி வைத்தலின் தேவையை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். யாம் மாணவராயிருந்த காலத்து, ஒரு விடுமுறையில், சிற்றூர்க் கோவில் ஒன்றில் மாலை ஆராதனைக்குச் சென்றிருந்தோம். ஆராதனை முடிந்தபின் முதிய அம்மையார் ஒருவர், சற்று முன் சபையார் பாடிய கீர்த்தனையையே வேறொரு மெட்டில் தமக்குள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் அக்கீர்த்தனையின் தலைப்பில் அச்சிட்டிருந்த இராகத்திற்கு அவர் மெட்டே இயைந்திருந்தது. சபையார் பாடியது இயையவில்லை. யாம் அருகிற் சென்று கேட்க, "இது எங்கள் அம்மா பாடின மெட்டு, தம்பி. இப்போது ஒருவரும் இப்படிப் பாடுகிறதில்லை" என்றார்.

மீண்டும் ஒருமுறை பாடுமாறு வேண்டினோம், பாடினார். எழுதுகோலைக் கையில் எடுத்தோம், அஃது அசையவில்லை. வர்ணங்களும் கிருதிகளும் பல ஆண்டு கற்றிருந்த எம்மால், ஒரு மூதாட்டி பாடிய எட்டடிப் பாட்டை எழுத முடியவில்லை. பதிவு செய்யும் கருவியும் எம்மிடம் அக்காலத்து இல்லை. அடுத்த விடுமுறையில் எழுதிக்கொள்ளலாம் என்று திரும்பினோம். அடுத்த விடுமுறையில் அவர் இல்லை.

நம் கீர்த்தனைப் புத்தகங்களைத் திறந்து பார்ப்போர் இதன் பொருளை எளிதில் உணர்வர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) முதலிய பெரியோர் இயற்றிய பாடல்களுக்கு மேல் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கக் காண்கிறோம். மெட்டு அச்சிடப்படுவது அரிது. இராகமும் தாளமும் தெரிந்த மாத்திரத்தால் மெட்டுத் தெரிந்துவிடாது. ஒரே இராகத்தில், ஒரே தாளத்தில் நூறு மெட்டுக்கள் இருக்கலாம். ஊரின் பெயரைச் சொல்லுதல் வீட்டின் விலாசத்தைச் சொல்லுதல் ஆகாதன்றோ? மெட்டு வாழ்வது பாடுவோர் நாவிலும் கேட்போர் செவியிலுமே. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி முதலியவற்றிற்கோ தலைப்பில் அந்த இராகப் பெயருங்கூட இல்லை. ஆகவே கேட்டெழுதும் ஆற்றல் தேர்வில் எண் பெறுவதற்குரிய ஒரு திறம் மட்டும் அன்று; ஒரு தலைமுறையின் செல்வத்தை அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பிக்கும் கருவியுமாகும்.

முன்னோர் கண்ட வழி

இதனைக் கற்பிக்க முயன்றோர் பலர். மேனாட்டில் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த குயிதோ என்னும் இத்தாலியத் துறவி, ஆலயத்தில் பாடும் சிறுவர்கள் பல்லாண்டு உழைத்தும் புதிய பாட்டொன்றைத் தாமே பாட இயலாதிருத்தலைக் கண்டு வருந்தினார். யோவான் ஸ்நானகர் மீது வழங்கிய இலத்தீன் பாட்டொன்றில் ஒவ்வோர் அடியின் தொடக்கமும் முந்தியதனினும் ஒரு சுரம் உயர்ந்து நிற்றலை அவர் பயன்படுத்தி, அவ்வடிகளின் முதல் அசைகளையே ஆறு சுரங்களுக்கும் பெயராக்கினார். சிறுவர் அப்பாட்டை முன்னமே செவியிற் கொண்டிருந்தனராதலின், பெயரைக் கேட்டவுடன் ஒலி நினைவுக்கு வந்தது. தெரிந்த ஒலிக்குப் பெயரிடுதலே அவர் கையாண்ட வழி.

இங்கிலாந்தில் நாரிச் நகரத்துச் சாரா குளோவர் என்னும் அம்மையார் ஏழைச் சிறுவர்களுக்குப் பாடக் கற்பித்தற் பொருட்டு எளிய சுர எழுத்து முறை ஒன்றை வகுத்தார். 1841 ஆம் ஆண்டில் ஹல் நகரத்துக் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர், சிறுவர்க்குப் பாட்டுக் கற்பிக்கும் சிறந்த முறையைக் கண்டறியுமாறு ஜான் கர்வன் என்னும் போதகரை வேண்டிக்கொண்டனர். அவர் குளோவர் அம்மையாரின் முறையைத் திருத்திப் பரவச் செய்தார். அதுவே டோனிக் சால்பா என வழங்குவது. மிஷனெரிமார் அதனைக் கடல் கடந்த நாடுகளுக்கெல்லாம் கொண்டு சென்றனர். நம் பாடகர் குழுக்களிலும் டோ, ரே, மீ என்று பாடிப் பழகியோர் உளர்.

அம்முறைக்கும் நம் சுர முறைக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. நம் ஷட்ஜம் பாடுவோன் சுருதிக்கேற்ப எங்கும் நிற்பது போலவே, அவர்களுடைய டோ என்பதும் பாட்டின் சுருதிக்கேற்ப இடம் மாறும். டோ முதல் டீ ஈறாகிய ஏழும் நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களுக்கு ஏறத்தாழ நேராவன. வேற்றுமை ஒன்றை மட்டும் மாணவர் நினைவில் வைத்தல் வேண்டும். மைனர் என்னும் வகைப் பாட்டுக்களில் அவர்கள் லா என்பதை ஆதாரமாகக் கொள்வர்; நாமோ எவ்விராகத்திலும் ஆதாரத்தைச் ச என்றே சொல்வோம். இரண்டும் பயின்ற மாணவர் நடபைரவியின் சாயலுள்ள மெட்டை எழுதும்போது தடுமாறுவது இதனாலேயே.

ஹங்கேரி நாட்டில் பேலா பார்ட்டோக், ஜோல்தான் கோடாய் என்னும் இருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு சிற்றூர்தோறும் சென்று குடியானவர் பாட்டுக்களைப் பதிந்து எழுதினர். அவர்களுள் கோடாய், பின்னாளில், தம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் இசை எழுத்தறிவு பெறவேண்டும் என்று உழைத்தார். அவர் கருத்தையொட்டி எழுந்த கல்வி முறையில் கர்வனுடைய கைக்குறிகள் இடம்பெற்றன.

நம் நாட்டில் சென்னை சின்னசாமி முதலியார் என்பார், கருநாடக சங்கீதக் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறியில் எழுதி 1890-களின் முற்பகுதியில் வெளியிட்டார். அவர் ஊக்கத்தால் எழுந்ததே எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904 ஆம் ஆண்டில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. முத்துசாமி தீட்சிதருடைய கிருதிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை அந்நூலிற் சுரத்தோடு காக்கப்பட்டிருக்கின்றன. தெலுங்கெழுத்தில் வெளிவந்த அதனைப் பின்னர்ச் சென்னை மியூசிக் அகாதெமியார் தமிழெழுத்திலும் அச்சிட்டனர். எழுதத் தெரிந்த ஒருவர் முயன்றதனால் எத்துணைச் செல்வம் பிழைத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவர்கள் அனைவரிடத்தும் நாம் கற்கும் பாடம் ஒன்றே: ஒலி முன், பெயர் பின், எழுத்து அதற்கும் பின். இம்முறையைத் தலைகீழாக்கி எழுத்திலிருந்து தொடங்குவதே நம் வகுப்புக்களின் குறை. இனி, பயிற்சியின் படிகளை முறையே கூறுவோம்.

முதற்படி: சுருதி

தம்புராவின் நான்கு தந்திகளுள் ஒன்று பஞ்சமத்திலும், இரண்டு ஷட்ஜத்திலும், ஒன்று கீழ் ஷட்ஜத்திலும் சேர்க்கப்படும். தம்புரா இல்லாத பள்ளியில் சுருதிப் பெட்டி போதும். வகுப்புத் தொடங்கியவுடன் மாணவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் சுருதியைக் கேட்கவேண்டும். கேட்டபின் வாய்மூடி முரலவேண்டும். அதற்குப் பின்னரே ச என்று பாடவேண்டும். பிறகு சுருதியை நிறுத்திவிட்டு, சிறிது பேசிவிட்டு, மீண்டும் ச எங்கே என்று கேட்டல் நல்ல சோதனை. ஆதாரத்தை மனத்தில் நிறுத்தத் தெரியாதவனுக்கு ஏனைய சுரங்களெல்லாம் கரையில்லாத குளம்.

ஈண்டு ஆசிரியர் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு அது குரல் உடையும் பருவம். பாடினால் குரல் பிசகும். பிசகினால் பிறர் நகைப்பர். நகைத்தால் அவன் அவ்வாண்டு முழுதும் வாய் திறவான். அத்தகையோரைக் கீழ் ஸ்தாயியில் மெல்ல முரலச் சொல்லலாம்; வீணையிலோ வயலினிலோ ஆர்மோனியத்திலோ சுரத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். குரல் கெட்டது கொண்டு செவி கெட்டதென்று முடிவு செய்தல் பெருந்தவறு.

இரண்டாம் படி: சுரம்

ஏழு சுரங்களையும் ஒருங்கே கொடுத்தல் வேண்டா. முதலில் ச, ப இரண்டு. பின்னர்க் காந்தாரம் சேர்ந்து மூன்று. பின்னர் ரிஷபமும் தைவதமும் சேர மோகனம் ஐந்து சுரத்தோடு நிறைவுபெறும். மோகனத்தில் அரைச்சுர இடைவெளி இன்மையால் செவி தடுமாறுதல் குறைவு. ஒவ்வொரு நாளும் மூன்று செயல்களை இவ்வரிசையிற் செய்விக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு மூன்று சுரங்களை அகாரமாகப் பாட, மாணவர் அவ்வாறே திருப்பிப் பாடுதல் ஒன்று. பின்னர் அதனையே சுரப்பெயரோடு பாடுதல் இரண்டு. அதன் பின்னர் எழுதுதல் மூன்று. திருப்பிப் பாட இயலாததைப் பெயரிடவும், பெயரிட இயலாததை எழுதவும் ஒருவராலும் இயலாது. மாணவன் எழுதுவதிற் பிழை செய்தால், அவன் எப்படியில் வழுக்கினான் என்பதை இம்மூன்றுங் கொண்டு எளிதிற் கண்டுபிடிக்கலாம்.

மனத்துள் கேட்டலும் பழக்கப்பட வேண்டும். ஆசிரியர் ச, ரி, க என்று பாடி நிறுத்திக் கையால் மட்டும் பஞ்சமத்தைக் குறிக்க, மாணவர் அதனை வாய்விடாது நினைந்து, குறி கொடுத்தவுடன் ஒருங்கே பாடவேண்டும். இது விளையாட்டுப் போலத் தோன்றும்; ஆயினும் எழுதுவோனுக்கு இதனினும் உதவும் பயிற்சி இல்லை. எழுதுபவன் பாடகர் நிறுத்திய பின்னரே எழுதுகிறான். ஆதலால் அவன் எழுதுவது காதிற் கேட்டதை அன்று, மனத்திற் கேட்பதையே.

ஐந்து சுரமும் உறுதிப்பட்டபின் இராகங்களை இணை இணையாக ஒப்பிட்டுக் கேட்பித்தல் நன்று. மோகனத்தின் அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக்கினால் சிவரஞ்சனி. சங்கராபரணத்தின் நிஷாதத்தைக் கைசிகியாக்கினால் அரிகாம்போதி. அதன் சுத்த மத்திமத்தைப் பிரதி மத்திமமாக்கினால் கல்யாணி. ஒரு சுரம் மாற மெட்டின் முகமே மாறுதலைக் கேட்ட மாணவன், சுரஸ்தானம் பன்னிரண்டு என்பதை மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. அவன் அதனை அறிந்தவனாவான்.

மூன்றாம் படி: தாளம்

சுரத்தையும் தாளத்தையும் ஒருங்கே எழுதச் சொல்லுதல் தொடக்கத்தில் ஆகாது. தாளத்தைத் தனியே பழக்கவேண்டும். தகிட என்பது மூன்று, தகதிமி என்பது நான்கு, தகதகிட என்பது ஐந்து, தகிட தகதிமி என்பது ஏழு. இச்சொற்கட்டுக்களை ஆசிரியர் கலந்து கலந்து சொல்ல, மாணவர் எண்ணிக்கையை மட்டும் எழுதுக. பின்னர் பாட்டொன்றைப் பாடி, தட்டும் வீச்சும் எவ்விடத்து விழுகின்றன என்று கேட்பித்து, ஆதியா, ரூபகமா, மிசிர சாப்பா எனத் தெளிவிக்க.

எடுப்பு என்பதில் மாணவர் பெரிதும் ஏமாறுவர். பல பாட்டுக்கள் தாளம் தொடங்கிச் சிறிது கழிந்த பின்னரே எடுக்கப்படுகின்றன. பாட்டின் முதற் சொல்லைத் தாளத்தின் முதல் தட்டில் வைத்தெழுதியவன், ஆவர்த்தம் முழுவதையும் இடம்பெயர்த்து எழுதியவனாவான். ஆகவே, 'தட்டுக்குப் பின்னர்ப் பாட்டா, பாட்டோடு தட்டா?' என்பது எழுதுமுன் கேட்கவேண்டிய முதல் வினா.

நான்காம் படி: எழுதுதல்

நம் வீட்டுப் பெண்கள் கோலம் இடும் முறையை நோக்குவோம். முதலிற் புள்ளி வைக்கின்றனர், பின்னர்க் கோடிழுக்கின்றனர். ஒரு மூலையிலிருந்து கோட்டை முடித்துக்கொண்டே செல்வாரில்லை. கேட்டெழுதுவோனும் அவ்வாறே செய்யவேண்டும். ஆனால் மாணவரோ முதற் சுரத்தைக் கேட்டவுடன் எழுதத் தொடங்கி, இரண்டாவதை எழுதுமுன் ஐந்தாவது சென்றுவிட, எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர்.

ஆசிரியர் ஒரு பகுதியை நான்கு முறை பாடுவாராக. முதன்முறை எழுதுகோலைத் தொடலாகாது. தாளம் யாது, எடுப்பு எங்கே, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பவற்றை மட்டும் கேட்க. இரண்டாம் முறை புள்ளி வைக்க: தாளத்தின் அங்கங்களுக்குக் கோடு பிரித்து, ஒவ்வோர் அங்கத்தின் முதற் சுரத்தையும், பகுதியின் இறுதிச் சுரத்தையும் மட்டும் குறிக்க. மூன்றாம் முறை இடைவெளிகளை நிரப்புக. நான்காம் முறை எழுதியதைப் பார்த்து மனத்துக்குள் பாடிக்கொண்டே கேட்டு, ஒவ்வாத இடத்தைத் திருத்துக.

எடுத்துக்காட்டாக, மோகன இராகத்தில், ஆதி தாளத்தில், யாமே அமைத்த சிறு பகுதி ஒன்றைக் காட்டுவோம். அட்சரத்திற்கு ஒரு சுரம் என்று கொள்க. காற்புள்ளி ஓர் அட்சர நீட்டத்தைக் குறிக்கும்.

க , ப க | ரி ச | ரி , ||

இதனைப் பாடக் கேட்ட மாணவர் பலர் க, ப, க, ரி, ச, ரி என்று ஆறு சுரங்களையும் சரியாகவே எழுதுவர். ஆனால் முதற் காந்தாரத்தின் நீட்டத்தையும் இறுதி ரிஷபத்தின் நீட்டத்தையும் விட்டுவிடுவர். ஆதி தாளத்திற்கு நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு அட்சரம் வேண்டும். அவன் ஏட்டிலோ ஆறே உள்ளன. இரண்டு குறைகின்றன என்பதை ஆசிரியர் சொல்லவேண்டுவதில்லை. தாளமே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. தாளத்தைப் போட்டுக்கொண்டு தான் எழுதியதைத் தானே பாடிப் பார்க்கும் மாணவனுக்கு ஆசிரியர் இருவர்: ஒருவர் வகுப்பில் உள்ளவர், மற்றொருவர் அவன் கை.

திருத்தும் முறை

இப்பயிற்சியைத் திருத்துவதில் நீதி வேண்டும். முதற் சுரத்தை ஒரு படி மேலாகக் கேட்டுவிட்ட மாணவன் அதனைத் தொடர்ந்த சுரங்கள் எல்லாவற்றையும் ஒரு படி மேலாகவே எழுதியிருக்கக்கூடும். சுரத்துக்கொரு எண் என்று கணக்கிட்டால் அவனுக்குச் சுன்னமே கிடைக்கும். ஆயினும் அவன் ஏற்ற இறக்கத்தைப் பிழையறக் கேட்டிருக்கிறான். தவறியது ஆதாரம் ஒன்றே. ஆகவே தாளம் நிரம்பியிருத்தலுக்குச் சில எண்ணும், ஏற்ற இறக்கத்திற்குச் சில எண்ணும், நிற்கும் சுரங்களுக்குச் சில எண்ணும், முற்றும் சரியாயிருத்தலுக்குச் சில எண்ணும் எனப் பகுத்துக் கொடுத்தலே தக்கது. சிவப்பு மையால் கோடிழுத்துத் திருப்பிக் கொடுப்பதனினும், அவன் எழுதியதை எழுதியபடியே பாடிக்காட்டுதல் பயன் மிகவுடையது. தன் பிழையைத் தன் காதாற் கேட்டவன் அதனை மீண்டுஞ் செய்யான்.

எழுத்துக்கு அடங்காதவை

இவ்வளவும் கற்ற மாணவன், தான் எழுதியதே பாட்டு என்று எண்ணிவிடலாகாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்து நில்லாது அசைந்து ஒலிப்பது. அதனைக் க என்று ஓரெழுத்தால் எழுதுகிறோம். அவ்வெழுத்தைப் பார்த்து அசைவின்றிப் பாடினால் அது தோடியாகாது. இதனை உணர்ந்தே சுப்பராம தீட்சிதர் தம் நூலிற் கமகங்களுக்கு வெவ்வேறு குறிகளை வகுத்துச் சுரங்களின் மேல் இட்டார். பார்ட்டோக் தாம் முன்பு எழுதிய குடியானவர் பாட்டுக்களையே பின்னாளில் மீண்டும் கேட்டு, முன்பு விட்டுப்போன நுண்ணிய அசைவுகளையெல்லாம் சேர்த்துத் திருத்தி எழுதினார். அவ்வளவு பழகிய செவிக்கே இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது.

உயர்நிலைப் பள்ளி மாணவன் கமகம் முழுவதையும் எழுதவேண்டும் என்பதன்று எம் கருத்து. அசையும் சுரத்தின் மேல் ஒரு வளைகோடு, இழைந்து செல்லும் இரு சுரங்களுக்கிடையே ஒரு சாய்கோடு, ஐயமுள்ள இடத்தில் ஒரு கேள்விக்குறி, இவை போதும். ஐயத்தை மறைத்து அழகாக எழுதிய ஏட்டினும், ஐயத்தைக் குறித்து வைத்த ஏடு நம்பத்தக்கது. பாடியவர் யார், எவ்வூரினர், யாரிடம் கற்றார், எந்நாளிற் பாடினார் என்பவற்றையும், அவர் இசைவு பெற்று, தலைப்பில் எழுதுதல் வேண்டும்.

கருவிகளின் துணை

இக்காலத்துக் கைப்பேசி ஒவ்வொன்றும் ஒலிப்பதிவுக் கருவியாய் இருத்தலின், எழுதுதல் எதற்கு என்று வினவுவோர் உளர். பதிவு செய்தல் மிக நன்று. மேற்சொன்ன அம்மையாரின் பாட்டுக்கு அக்கருவி அன்று கிடைக்கவில்லையே என்று யாம் வருந்தாத நாளில்லை. மெல்ல ஓட்டவும், ஓரடியையே பன்முறை கேட்கவும் அது துணை செய்யும். ஆயினும் பதிவு கேட்போனாகாது. பார்ட்டோக்கிடம் போனோகிராப் இருந்தும், பாட்டுக்களை எழுதியது அவர் செவியே. ஒலியைச் சுரமாக எழுதித் தருவதாகச் சொல்லும் கணினி முறைகளும் இன்று வந்துள்ளன. கமகம் செறிந்த நம் இசையில் அவை தருவதைச் செவியாற் சரிபாராது ஏற்றுக்கொள்ளுதல் தகாது. சரிபார்ப்பதற்கோ பழகிய செவி வேண்டும். ஆகவே கருவி பெருகப் பெருகச் செவிப்பயிற்சியின் தேவை குறையவில்லை.

காலப் பகுப்பு

இதற்குத் தனி வகுப்பு வேண்டுவதில்லை. ஒவ்வொரு சங்கீத வகுப்பிலும் முதற் பத்து நிமிஷம் போதும். ஆண்டின் முதற் பருவத்தில் சுருதியும் மோகனத்தின் ஐந்து சுரமும். இரண்டாம் பருவத்தில் ஏழு சுரமும் இராக இணைகளும் தாளத் தனிப்பயிற்சியும். மூன்றாம் பருவத்தில் நான்கு முறை கேட்டெழுதுதல். ஆண்டிறுதியில் மாணவன் ஒவ்வொருவனும் தன் வீட்டாரிடத்தோ அண்டை வீட்டாரிடத்தோ கேட்ட பாட்டு ஒன்றை எழுதிக் கொணர்க. வகுப்பில் அதனை வேறொரு மாணவன் ஏட்டைப் பார்த்துப் பாடுக. பாடக் கேட்டு எழுதியவன், 'ஆம், இதுவே எங்கள் பாட்டி பாடியது' என்று சொல்வானாயின், அதனினும் மேலான தேர்வு ஒன்றில்லை.

முடிவுரை

நம் கல்லூரியினின்றும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு செல்வோர் பலர்; அவர்கள் தம் பள்ளியில் இப்பத்து நிமிஷத்தைத் தொடங்கிப் பார்ப்பார்களாக. பழைய மாணவர் பலர் தம் ஊர்ச் சபைகளில் பாடகர் குழுவை நடத்துகின்றனர். அவர்கள் முதியோர் பாடும் மெட்டுக்களைத் தவறென்று தள்ளாமல் எழுதி வைப்பார்களாக. இப்பொழுது பயிலும் மாணவர்களோ வரும் விடுமுறைக்கு ஊர் செல்வர். அங்கே பாடத் தெரிந்த முதியோர் ஒருவரேனும் இருப்பர். அவர்கள் அருகில் அமர்ந்து, ஒரு பாட்டை, ஓரடியையேனும் எழுதுவார்களாக. பிழையாக எழுதினும் எழுதாமையினும் அது நன்று. பிழையைத் திருத்தப் பாடியவர் இன்னும் அருகில் இருக்கிறார்.

அந்த அம்மையாரின் மெட்டில், நினைவில் நின்றதைப் பல்லாண்டு கழித்து யாம் எழுத முயன்றோம். பல்லவியில் முற்பாதி மட்டும் எம் குறிப்பேட்டில் உளது. பிற்பாதிக்கு உரிய நான்கு அட்சரங்களின் இடத்தில் தாளக் கோடுகளை மட்டும் இட்டு வெறுமையாக விட்டிருக்கிறோம்.